மனசாட்சியுள்ள துப்பாக்கிக்காரன்: நான்கு வானொலித் தொடர்களில் எதில் தொடங்குவது?

பழைய அமெரிக்க வானொலி நாடகங்களில், இடுப்பில் துப்பாக்கி இருந்தும் கண்டபடி சுடாத நாயகனைத் தேடிப் போனால் பெயர்கள் குவிந்து கிடக்கின்றன. குழந்தைகளுக்காக எழுதப்பட்டவை, பெரியவர்களுக்காக எழுதப்பட்டவை, தொலைக்காட்சியிலிருந்து வானொலிக்கு வந்தவை, வானொலியிலிருந்து தொலைக்காட்சிக்குப் போனவை எல்லாம் ஒரே பட்டியலில் கலந்திருக்கும். 1933-இல் டெட்ராயிட்டின் டபிள்யூஎக்ஸ்ஒய்இசட் நிலையத்தில் பிறந்த 'லோன் ரேஞ்சர்' இந்த நாயகனின் முன்னோடி. எதிரியின் கையிலிருக்கும் துப்பாக்கியைத் தட்டிவிடுவதற்காக மட்டுமே சுடுபவர் அவர், யாரையும் கொல்வதில்லை. வளர்ந்தவர் ஒருவர் இன்று புதிதாகக் கேட்க அது ஏற்றதல்ல. அங்கே நாயகனின் நேர்மைக்குச் சோதனையே வருவதில்லை. சோதனை வரும் தொடர்கள் 1950-களில்தான் உருவாயின. அவற்றில் நான்கை இங்கே ஒப்பிடுகிறோம்: 'தி சிக்ஸ் ஷூட்டர்', 'ஹேவ் கன், வில் டிராவல்', 'கன்ஸ்மோக்', 'ஃபிரான்டியர் ஜென்டில்மேன்'.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். இதுவரை ஒரு வெஸ்டர்ன் (அமெரிக்க மேற்குப் பகுதியில் நடக்கும் கௌபாய்க் கதை) வானொலி நாடகமும் கேட்காதவர் 'தி சிக்ஸ் ஷூட்டர்' தொடரில் தொடங்குவது நல்லது. பணம் வாங்கிக்கொண்டு துப்பாக்கி தூக்குபவனின் அறம் எப்படி இருக்கும் என்பதுதான் உங்கள் ஆர்வம் என்றால் 'ஹேவ் கன், வில் டிராவல்'. நாடகக் கலையின் உச்சத்தைக் கேட்க வேண்டும், இருட்டும் ரத்தமும் பரவாயில்லை என்றால் 'கன்ஸ்மோக்'. 'ஃபிரான்டியர் ஜென்டில்மேன்' இரண்டாவதாகக் கேட்க வேண்டியது, முதலில் வேண்டாம்.

ஏன் இந்த வரிசை? வானொலியில் துப்பாக்கி கண்ணுக்குத் தெரியாது. முகம் இல்லை, வெயில் இல்லை, நடுத்தெருவில் இரண்டு பேர் முறைத்துக்கொண்டு நிற்கும் காட்சி இல்லை. ஆகவே நாயகனுக்குக் கொள்கை இருக்கிறது என்பதைக் காதுக்குக் காட்ட ஒரே வழி, சுடுவதற்கு முன்னால் அவன் எடுத்துக்கொள்ளும் நேரம். அந்த இடைவெளியில் என்ன கேட்கிறது? பேச்சா, மௌனமா, பேரமா, கெஞ்சலா? சுட்ட பிறகு என்ன கேட்கிறது? நான்கு தொடர்களும் இந்த இடைவெளியை வேறு வேறு விதமாக நிரப்புகின்றன. எந்த விதம் உங்கள் காதுக்குப் பிடிக்கும் என்று தெரிந்துவிட்டால் தேர்வு எளிது.

தி சிக்ஸ் ஷூட்டர்: பேசிப் பேசியே தள்ளிப்போடுபவன்

என்பிசி வானொலியில் 1953 செப்டம்பர் 20 அன்று 'ஜென்னி' என்ற கதையுடன் தொடங்கி 1954-இல் முடிந்த தொடர். ஒரே ஒரு பருவம், 39 கதைகள். உருவாக்கி எழுதியவர் ஃபிராங்க் பர்ட், இயக்கியவர் ஜாக் ஜான்ஸ்டோன். பிரிட் பான்செட் என்ற நாயகனாக ஜேம்ஸ் ஸ்டூவர்ட், ஹாலிவுட்டின் உச்ச நட்சத்திரமாக இருந்த அதே ஸ்டூவர்ட், முழுத் தொடரையும் சுமக்கிறார்.

பிரிட் ஊர் ஊராகச் சுற்றும் கால்நடைக்காரன். கிடைத்த இடத்தில் கிடைத்த வேலை செய்வான். 'ஸ்கார்' என்ற குதிரை, முத்துச்சிப்பிப் பிடி போட்ட கைத்துப்பாக்கி, தவிர அவனை விட்டுத் தொலையாத ஒரு புகழ். வேகமாகச் சுடுபவன் என்ற பெயர் அவனுக்கு முன்பே ஊருக்குள் போய்விடுகிறது. சிலர் பயப்படுகிறார்கள், சிலர் வம்புக்கு இழுக்கிறார்கள், சிலர் தங்கள் பழிவாங்கலுக்கு அவனைக் கருவியாக்கப் பார்க்கிறார்கள். கதைகளின் இயந்திரம் இதுதான்: பெயரெடுத்த ஒருவன் அந்தப் பெயருக்கு ஏற்ப நடக்காமல் எப்படித் தப்பிப்பது?

ஸ்டூவர்ட்டின் குரல் இதற்கென்றே அமைந்ததுபோல் இருக்கிறது. தயங்கும், திக்கும், ஒரு வாக்கியத்தைத் தொடங்கி விட்டுவிட்டு வேறொன்றைப் பிடிக்கும். கதையைச் சொல்பவனும் அவனே என்பதால், பாத்திரத்தின் பேச்சிலிருந்து கதைசொல்லிக்கு நழுவும்போது மைக்கிற்கு இன்னும் நெருங்கி, கிட்டத்தட்ட முணுமுணுப்பாகப் பேசுவார். இந்த மாற்றத்தைக் காது பிடித்துக்கொள்ள இரண்டு கதைகள் ஆகும். பிறகு அதுவே பெரிய வசதியாகிவிடும். யார் எங்கே நிற்கிறார்கள், எத்தனை நாள் கடந்தது என்பதையெல்லாம் கதைசொல்லி தெளிவாகச் சொல்லிவிடுவதால், அமெரிக்க மேற்குப் பேச்சு பழகாதவர்களும் வழி தவறுவதில்லை. புதியவருக்கு இதை முதலில் வைப்பதற்கு இதுவே போதுமான காரணம்.

இரண்டாவது காரணம் கதைகளின் வகைவகை. 'பேட்டில் அட் டவர் ராக்' பண்ணைக்காரர்களுக்கும் குடியேறிகளுக்கும் நடுவே பிரிட் மாட்டிக்கொள்ளும் கதை. 'சில்வர் ஆனி' ஒரு மூதாட்டியைச் சுற்றி நடப்பது. 'வென் தி ஷூ டஸ்ன்ட் ஃபிட்' சின்ட்ரெல்லா கதையை மேற்கின் புழுதிக்குள் இறக்கி வைத்த நகைச்சுவை. 1953 கிறிஸ்துமஸ் வாரத்தில் ஒலிபரப்பான கதையில், வீட்டைவிட்டு ஓடிவந்த சிறுவனுக்கு பிரிட் வழியில் ஒரு கதை சொல்கிறான். அது சார்லஸ் டிக்கன்ஸின் கிறிஸ்துமஸ் கதையின் கௌபாய் வடிவம். இவற்றில் பலவற்றில் துப்பாக்கி வெடிப்பதே இல்லை. வெடிக்கும் கதைகளில் அந்த ஒலி அதனால்தான் திடுக்கிட வைக்கிறது.

குறையும் உண்டு. எல்லா வாரமும் ஒரே தரம் இல்லை. நகைச்சுவைக் கதைகளில் சில இழுவை. தன் அடக்கத்தைப் பற்றி பிரிட் சற்று அதிகமாகவே அடக்கம் காட்டுகிறான் என்று பத்தாவது கதைக்குப் பிறகு தோன்றலாம். ஆகவே 39-ஐயும் ஒரே மூச்சில் கேட்க வேண்டாம். 'ஜென்னி', 'தி கவர்ட்', 'சில்வர் ஆனி', 'பேட்டில் அட் டவர் ராக்', கிறிஸ்துமஸ் கதை என்று ஐந்து போதும். பிடித்திருந்தால் மற்றவற்றைத் தேதி வரிசையில் எடுத்துக்கொள்ளலாம். கடைசிக் கதையான 'மைரா பார்க்கர்' மட்டும் கடைசியாகவே இருக்கட்டும். பிரிட் கல்யாணத்தின் வாசல்வரை போகும் கதை அது. முன்கதைகள் தெரியாமல் கேட்டால் அதன் கனம் புரியாது.

ஹேவ் கன், வில் டிராவல்: கூலி வாங்கியும் விலைபோகாதவன்

"கொள்கையுள்ள துப்பாக்கிக்காரன்" என்ற சொல்லுக்கு அச்சு அசலாகப் பொருந்துபவன் இந்தத் தொடரின் நாயகன் பாலடின்தான். சான் பிரான்சிஸ்கோவின் கார்ல்ட்டன் ஹோட்டலில் தங்கியிருக்கிறான். நல்ல உணவு, நல்ல உடை, செஸ், கவிதை. செய்தித்தாளில் யாருக்காவது பிரச்சினை என்று படித்தால் சதுரங்கக் குதிரை பொறித்த தன் அட்டையை அனுப்புவான். தொகை பேசுவான், போவான். அங்கே போன பிறகு, கூலி கொடுப்பவன் பக்கம் நியாயம் இல்லை என்று தெரிந்தால் அவனுக்கே எதிராக நிற்பான். சார்லமேன் மன்னனின் வீரர்களுக்கு வழங்கிய பட்டத்தைத் தன் பெயராக வைத்துக்கொண்டவனுக்கு அது பொருத்தம்.

இந்தத் தொடர் வந்த வழி அந்தக் காலத்தில் அபூர்வமானது. வானொலியில் வென்றவை தொலைக்காட்சிக்குப் போய்க்கொண்டிருந்த நேரத்தில் இது எதிர்த்திசையில் வந்தது. சாம் ரோல்ஃப், ஹெர்ப் மெடோ இருவரும் உருவாக்கிய தொலைக்காட்சித் தொடர் 1957 செப்டம்பரில் ரிச்சர்ட் பூன் நடிப்பில் தொடங்கியது. சிபிஎஸ் வானொலி வடிவம் 1958 நவம்பர் 23-இல் ஜான் டேனர் குரலில் தொடங்கி 1960 நவம்பர் 27 வரை ஓடியது. மொத்தம் 106 கதைகள்.

தேர்வு செய்பவர் இந்த வரலாற்றைத் தெரிந்துகொள்ள வேண்டியதற்கு நடைமுறைக் காரணம் இருக்கிறது. தொடக்க காலக் கதைகளில் பல தொலைக்காட்சித் திரைக்கதைகளிலிருந்து எடுக்கப்பட்டவை. கேமரா காட்டியதை வானொலியில் யாராவது வாயால் சொல்லியாக வேண்டும். இந்த தொடரில் கதைசொல்லி கிடையாது. ஆகவே பாத்திரங்களே தாங்கள் பார்ப்பதை ஒருவருக்கொருவர் விவரித்துக்கொள்கிறார்கள். மலைமேல் யார் நிற்கிறான், எவன் துப்பாக்கியைக் கீழே போட்டான் என்றெல்லாம் நடுச்சண்டையில் பேசுவது செயற்கையாக ஒலிக்கும். வானொலிக்கென்றே எழுதப்பட்ட பிற்காலக் கதைகளில் இந்தச் சிக்கல் குறைகிறது. முதல் நாலைந்து கதைகளைக் கேட்டுவிட்டு இவ்வளவுதானா என்று விடுபவர்கள் அவசரப்படுகிறார்கள்.

டேனரின் பாலடினும் பூனின் பாலடினும் ஒன்றல்ல. பூனிடம் கல்லாலான ஒரு கனம் இருக்கும். டேனர் வறண்ட, கூர்மையான, படித்தவனின் குரல். ஒவ்வொரு மெய்யெழுத்தும் தனியாகக் கேட்கும். ஆங்கிலம் இரண்டாம் மொழியாக உள்ளவர்களுக்கு நான்கு தொடர்களிலும் சொல் சொல்லாகப் புரிவது இவர் பேசுவதுதான். சுடுவதற்கு முன்னான இடைவெளியில் பாலடின் செய்வது பேரம். எதிரிக்கு வெளியேற ஒரு வழியைக் காட்டுவான், அதன் நிபந்தனையைச் சொல்வான், அதற்கு மேல் இரண்டாம் முறை சொல்ல மாட்டான். பிரிட்டின் தயக்கம் மனத்தில் நடப்பது. பாலடினின் தாமதம் எதிராளிக்குக் கொடுக்கப்படும் அவகாசம்.

ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஹோட்டலில் வேலை செய்யும் சீனப் பணியாளரின் பெயர் 'ஹே பாய்'. அவரது குரலுக்குச் சொந்தக்காரர் இங்கிலாந்தில் பிறந்த பென் ரைட். உடைந்த ஆங்கிலத்தைச் சிரிப்புக்காகப் பேச வைத்திருக்கிறார்கள். மிஸ் வோங் என்ற பாத்திரத்தைப் பேசிய வெர்ஜினியா கிரெக்கும் சீனர் அல்ல. அந்தக் காலத்து வானொலியில் இது வழக்கம் என்பதற்காக இன்று கேட்கும்போது உறுத்தாமல் இருப்பதில்லை. அதே தொடர் 'ஹே பாய்ஸ் ரிவெஞ்ச்' கதையில் ரயில்பாதை போட்ட சீனத் தொழிலாளர்கள் நடத்தப்பட்ட விதத்தையே மையமாக எடுத்துக்கொள்கிறது. இரண்டும் ஒரே தொடரில்தான் இருக்கின்றன. வீட்டில் பிள்ளைகளோடு சேர்ந்து கேட்பதாக இருந்தால், முன்பே இதைப் பேசிவிட்டுக் கேட்பது நல்லது.

தொடக்கத்துக்கு 'ஸ்ட்ரேஞ்ச் வெண்டெட்டா', 'எல்லா வெஸ்ட்', 'தி ஹேங்கிங் கிராஸ்', 'ஹே பாய்ஸ் ரிவெஞ்ச்'. பிறகு 1959-இன் பிற்பகுதிக்குத் தாவி, அங்கிருந்து வரிசையாக. 'ஃபிரம் ஹியர் டு பாஸ்டன்' கடைசிக் கதை. பாலடின் சான் பிரான்சிஸ்கோவை விட்டுக் கிளம்புகிறான். வானொலித் தொடர்கள் பெரும்பாலும் ஒரு வாரம் இருந்து மறு வாரம் காணாமல் போகும். இது மட்டும் தன் நாயகனுக்கு ஒழுங்காக ஒரு முடிவு எழுதியது.

கன்ஸ்மோக்: சட்டத்தின் துப்பாக்கி

மேட் டில்லன் கூலித் துப்பாக்கிக்காரன் இல்லை, கான்சாஸின் டாட்ஜ் சிட்டியில் சட்டத்தைக் காக்கும் அமெரிக்க மார்ஷல். அப்படியானால் இந்த ஒப்பீட்டில் எதற்கு? மற்ற மூன்றிலும் நாயகன் நினைத்தால் குதிரை ஏறிப் போய்விடலாம். மேட் போக முடியாது. அதே ஊர், அதே தெரு, நேற்று கொன்றவனின் அண்ணன் நாளை ரயிலில் வந்து இறங்குவான். கொள்கையோடு துப்பாக்கி ஏந்துவதன் விலையை முழுமையாகக் கணக்குப் பார்த்த தொடர் இது ஒன்றுதான்.

1952 ஏப்ரல் 26 முதல் 1961 ஜூன் 18 வரை சிபிஎஸ்ஸில் ஓடியது. தயாரித்து இயக்கியவர் நார்மன் மெக்டானல், முதன்மை எழுத்தாளர் ஜான் மெஸ்டன். மேட்டாக வில்லியம் கான்ராட், அவரது உதவியாளர் செஸ்டராக பார்லி பேர், ஊர் டாக்டராக ஹோவர்ட் மெக்னியர், மதுக்கடைப் பெண் கிட்டியாக ஜார்ஜியா எல்லிஸ். 1955-இல் தொலைக்காட்சிக்குப் போனபோது இந்த நால்வரில் ஒருவரையும் அழைத்துச் செல்லவில்லை. வானொலிக் குழு அதற்குப் பிறகும் ஆறு வருடம் தன் வேலையைத் தொடர்ந்தது. தொலைக்காட்சி வடிவத்தைப் பார்த்திருப்பவர்கள் அதை மறந்துவிட்டுத்தான் இதைக் கேட்க வேண்டும். வானொலியின் டாக்டர் பிணப் பரிசோதனைக்குக் கிடைக்கும் கட்டணத்தை நினைத்துக் குதூகலிக்கும் விசித்திரப் பேர்வழி. வானொலியின் கிட்டி எப்படிப் பிழைக்கிறாள் என்பதை மறைக்க அதிகம் மெனக்கெடவில்லை.

ஒலியமைப்பில் இதற்கு இணை இல்லை. ரே கெம்பர், டாம் ஹேன்லி, பில் ஜேம்ஸ் ஆகியோர் செய்த வேலை அது. மேட் அலுவலகக் கதவைத் திறக்கிறார். மரப்பலகை நடைபாதையில் பூட்ஸ் ஒலி. படியிறங்கியதும் அதே காலடி மண்ணில் மாறுகிறது. தூரத்தில் நாய், இன்னும் தூரத்தில் மதுக்கடையின் பியானோ. இதற்கிடையே யாரும் பேசுவதில்லை. மற்ற வானொலி நாடகங்கள் மூன்று நொடி மௌனத்துக்கே பயந்து இசையைப் போட்டு நிரப்பிய காலத்தில், இவர்கள் மேட்டைத் தெருவின் மறுமுனைவரை நடக்கவிட்டார்கள். சுடுவதற்கு முன்னான இடைவெளி இங்கே பேச்சாலும் பேரத்தாலும் நிரப்பப்படுவதில்லை, காலடியால் நிரப்பப்படுகிறது. வெடித்த பிறகு வெற்றி இசையும் கிடையாது. பெரும்பாலும் ஒரு உடல் விழும் ஒலி, பிறகு செஸ்டரின் குரல், பிறகு மேட்டின் அலுப்பு.

'ஹோம் சர்ஜரி' கதையில் மேட்டும் செஸ்டரும் ஒதுக்குப்புறப் பண்ணை ஒன்றில் கால் அழுகிக் கிடக்கும் ஒருவரைக் காண்கிறார்கள். டாக்டர் பல மைல் தள்ளி. என்ன செய்ய வேண்டும் என்பது கேட்பவருக்கு மேட்டுக்கு முன்பே புரிந்துவிடும், அதுதான் அதன் கொடூரம். 'தி கேபின்' பனிப்புயலில் ஒரு குடிசைக்குள் நடப்பது. இரவில் தனியாகக் கேட்க வேண்டாம் என்று சொல்வது மிகையல்ல. 'பிளடி ஹேண்ட்ஸ்' இந்தக் கட்டுரையின் கேள்விக்கு நேரடிப் பதில்: கொல்வது போதும் என்று மேட் பதவியை உதறுகிறார். பிறகு என்ன நடக்கிறது என்பதைக் கேட்டே தெரிந்துகொள்ளுங்கள். 'கிட்டி' என்ற கதை இவற்றுக்கு நடுவே மூச்சு வாங்க உதவும்.

அப்புறம் ஏன் இதில் தொடங்கச் சொல்லவில்லை? முதலில் அளவு. 480 ஒலிபரப்புகள். எங்கே நுழைவது என்று தெரியாமல் முதல் கதையிலிருந்து போக ஆரம்பிப்பவர் முப்பதிலோ நாற்பதிலோ களைத்துவிடுவார். அடுத்தது இருள். நல்லவர்கள் காப்பாற்றப்படாத கதைகள் ஏராளம். பெண்கள் மீதான வன்முறையும் அடிக்கடி வருகிறது. தொடர்ந்து ஐந்து கேட்டால் மனம் கனத்துவிடும். மூன்றாவதாகப் பேச்சு. மெஸ்டன் எழுதும் எல்லைப்புற மனிதர்கள் மென்று மென்று பேசுவார்கள், கதைசொல்லியின் துணையும் குறைவு. காது பழகாமல் உள்ளே போனால் யார் யாரைச் சுட்டார் என்பதே புரியாமல் போகும். பத்துக் கதை மற்றவற்றில் கேட்டுவிட்டு, 1952 முதல் 1955 வரையிலான கதைகளில் வாரத்துக்கு இரண்டு என்று எடுத்துக்கொள்வது சரியான அளவு.

ஃபிரான்டியர் ஜென்டில்மேன்

அன்டனி எல்லிஸ் எழுதி இயக்கிய இந்தத் தொடர் 1958 பிப்ரவரி 2 முதல் நவம்பர் 16 வரை ஓடியது. 41 கதைகள். நாயகன் ஜே.பி. கெண்டல், லண்டன் 'டைம்ஸ்' பத்திரிகைக்காக அமெரிக்க மேற்கைச் சுற்றி எழுதும் நிருபர். பேசியவர் மறுபடியும் ஜான் டேனர். இது முடிந்த அடுத்த ஞாயிறே அவர் பாலடினாக மைக் முன் நின்றார்.

கெண்டலுக்குத் துப்பாக்கி பிடிக்கத் தெரியும், ஆனால் அவர் வந்தது பார்த்து எழுதுவதற்கு. ஆகவே இங்கே கொள்கை என்பது தலையிடலாமா வேண்டாமா என்ற கேள்வியாக மாறிவிடுகிறது. வைல்ட் பில் ஹிக்காக் 1876-இல் டெட்வுட்டில் சீட்டாடிக்கொண்டிருந்தபோது கொல்லப்பட்ட நிகழ்வை எடுத்துக்கொண்ட 'ஏசஸ் அண்ட் எய்ட்ஸ்' இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. முடிவு கேட்பவருக்கு முன்பே தெரியும், கெண்டலுக்குத் தெரியாது. எழுத்தின் நயத்தில் நான்கிலும் இதுவே மேல் என்று சொல்பவர்கள் உண்டு, அதில் நியாயமும் உண்டு. ஆனால் வெஸ்டர்ன் கதைகளின் வழக்கமான அச்சுகள் தெரிந்தவருக்குத்தான் எல்லிஸ் அவற்றை எங்கே விலக்குகிறார் என்பது சுவைக்கும். அதனால் இரண்டாம் இடம். 'தி ஷெல்டன் பிரதர்ஸ்' முதல் கதை, அங்கேயே தொடங்கலாம்.

யாருக்கு எது

பேருந்து, ரயில் பயணத்தில் கேட்பவருக்கு 'ஹேவ் கன்'. டேனரின் குரல் இரைச்சலைக் கிழித்துக்கொண்டு வரும், விளம்பரம் நீங்கினால் இருபது நிமிடங்களை ஒட்டியே ஒரு கதை முடிந்துவிடும். 'கன்ஸ்மோக்' பயணத்துக்கு ஆகாது. பாதி நாடகம் மெல்லிய ஒலிகளில் இருக்கிறது, என்ஜின் சத்தத்தில் அது அழிந்துபோகும். பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளோடு என்றால் 'சிக்ஸ் ஷூட்டர்', வேறு யோசனையே வேண்டாம். நாடகம் எழுதப் பழகுபவர் 'கன்ஸ்மோக்' கதையையும் 'ஹேவ் கன்' தொடக்கக் கதையையும் அடுத்தடுத்து கேட்டால், தகவலை உரையாடலில் திணிப்பதற்கும் ஒலியில் கரைப்பதற்கும் உள்ள வேறுபாடு ஒரே மாலையில் விளங்கிவிடும்.

சில சொற்களை முன்பே தெரிந்துகொண்டால் தடுக்காது. 'போஸ்ஸி' என்பது குற்றவாளியைத் துரத்த ஷெரிப் திரட்டும் ஊர்க்காரர் கூட்டம். 'நெஸ்டர்' என்றால் மேய்ச்சல் நிலத்தில் வேலி போட்டு உழ வந்த குடியேறி, பண்ணைக்காரர்கள் வெறுப்போடு சொல்வது. 'டிரெயில் ஹெர்ட்' டெக்சாஸிலிருந்து கான்சாஸ் ரயிலடிக்கு ஓட்டிவரப்படும் மாட்டு மந்தை. 'லிவரி ஸ்டேபிள்' குதிரைகளை வாடகைக்கு விடும், பராமரிக்கும் கொட்டில். 'டிராட் இட்' என்று யாராவது கத்தினால் அது திட்டு, அதைத் தேடிப் பொருள் காண வேண்டியதில்லை.

கோப்புகளில் கவனிக்க வேண்டியவை

தொடரைத் தேர்ந்தெடுப்பதைவிடப் பதிவைத் தேர்ந்தெடுப்பதில்தான் புதியவர்கள் அதிகம் சிக்கிக்கொள்கிறார்கள். ஒரே கதை இணையத்தில் பல தரங்களில் கிடக்கிறது. இன்டர்நெட் ஆர்கைவ் (archive.org) தளத்தில் தேடும்போது 'ஓல்ட் டைம் ரேடியோ ரிசர்ச்சர்ஸ்' குழு தொகுத்த தொகுப்புகளை முதலில் பாருங்கள். தலைப்பு, தேதி, வரிசை சரிபார்க்கப்பட்டிருக்கும். காசு கொடுத்துத் துப்புரவான பதிவு வேண்டுமென்றால் 'ரேடியோ ஸ்பிரிட்ஸ்' போன்ற வெளியீட்டாளர்களின் குறுந்தகடுத் தொகுப்புகள் இருக்கின்றன.

பேச்சு நாடகத்துக்கு மோனோவில் 64 கிலோபிட் எம்பி3 போதும். அரை மணிக் கதை ஒன்று சுமார் 14 எம்பி வரும். 'சிக்ஸ் ஷூட்டர்' முழுவதும் ஏறக்குறைய 560 எம்பி, 'கன்ஸ்மோக்' முழுவதும் 7 ஜிபியை நெருங்கும். 32 கிலோபிட் கோப்புகள் பாதி இடத்தில் அடங்கும், ஆனால் 'கன்ஸ்மோக்' தொடருக்கு அவை வேண்டவே வேண்டாம். மழை, காற்று, கூட்டத்தின் முணுமுணுப்பு எல்லாம் தண்ணீருக்குள் கேட்பதுபோல் குழம்பிவிடும். கோப்பின் அளவு பெரிதாக இருப்பதையும் நம்பிவிடாதீர்கள். 32-இல் ஏற்கெனவே கெட்டுப்போனதை 128-க்கு மாற்றி ஏற்றியிருப்பார்கள். இடம்தான் வீண், இழந்த ஒலி திரும்பி வராது. 'ஸ்' ஒலி வரும் சொற்களைக் கவனியுங்கள். அங்கே சலசலவென்று உலோகச் சத்தம் கேட்டால் அது மறுசுருக்கம் செய்த கோப்பு.

வேகம் இன்னொரு தொல்லை. வட்டுகளிலிருந்தும் நாடாக்களிலிருந்தும் படியெடுத்தபோது சுழற்சி வேகம் பிசகியிருந்தால் குரலே மாறிவிடும். கான்ராடின் குரல் அடிவயிற்றிலிருந்து வருவது. அது இளைஞன் குரலாகக் கேட்டால் கோப்பு வேகமாக ஓடுகிறது என்று பொருள். இரண்டு வெவ்வேறு கதைகளின் தொடக்க அறிவிப்பை அடுத்தடுத்து ஓட்டிப் பார்த்தால் பிசகு உடனே தெரியும். ஆடாசிட்டி மென்பொருளில் 'சேஞ்ச் ஸ்பீட்' (புதிய பதிப்புகளில் 'சேஞ்ச் ஸ்பீட் அண்ட் பிட்ச்') கொடுத்து இரண்டு மூன்று சதவீதம் குறைத்தால் சரியாகும். 'சேஞ்ச் டெம்போ' கொடுத்தால் வேகம் மட்டும் மாறும், குரல் தவறாகவே இருக்கும்.

இரைச்சலைப் போக்குகிறேன் என்று நாய்ஸ் ரிடக்‌ஷனை முழு அளவில் போடாதீர்கள். அந்த வடிகட்டிக்கு நாடாவின் 'ஸ்ஸ்' ஒலிக்கும் தூரத்துக் காலடிக்கும் வேறுபாடு தெரியாது. ஈக்வலைசரில் 6,000 ஹெர்ட்ஸுக்கு மேல் கொஞ்சம் இறக்கினாலே போதும், பேச்சு கெடாது. ஃபோனின் சிறிய ஸ்பீக்கரில் கேட்பதையும் தவிர்க்கலாம். தாழ்ந்த அதிர்வெண்கள் அதில் வராது, கான்ராடின் பாதிக் குரல் அங்கேயே போய்விடும். ஒரு காதில் மட்டும் ஒலி வரும் பதிவுகளும் உண்டு. ஃபோன் அமைப்புகளில் அணுகல்தன்மைப் பகுதியில் 'மோனோ ஆடியோ' இருக்கும், அதைப் போட்டுவிடுங்கள்.

கேட்கும் செயலியில் 1.5 மடங்கு வேகம் வழக்கமாகிவிட்டவர்கள் இங்கே அதை 1-க்குக் கொண்டுவர வேண்டும். சுடுவதற்கு முன்னான அந்த நான்கு நொடிகளுக்காகத்தான் இந்தத் தொடர்களைக் கேட்கிறோம். மௌனத்தைத் தானாகவே வெட்டும் வசதி செயலியில் இருந்தால் அதையும் அணைத்துவிடுங்கள். அது 'கன்ஸ்மோக்' நாடகத்தின் உயிரையே வெட்டிவிடும்.

ஒரே கதை 29 நிமிடமாகவும் 24 நிமிடமாகவும் கிடைத்தால் குழம்ப வேண்டாம். குறுகியது பெரும்பாலும் படைவீரர்களுக்கான ஆயுதப்படை வானொலிச் சேவை மறுபடி ஒலிபரப்பியது. விளம்பரங்களை நீக்கிவிட்டு அந்த இடத்தில் இசையோ அறிவிப்போ சேர்த்திருப்பார்கள். கதை மட்டும் போதுமென்றால் அதுவே நல்லது. சிகரெட் விளம்பரமும் சேர்ந்து அந்தக் காலத்தை அப்படியே கேட்க வேண்டுமென்றால் முதலில் ஒலிபரப்பான நெட்வொர்க் பதிவைத் தேடுங்கள். 'கன்ஸ்மோக்' தொகுப்பில் இன்னொரு சிக்கல், சில கதைகளைச் சில வருடங்கள் கழித்துப் புதிதாக நடித்து மீண்டும் ஒலிபரப்பியிருக்கிறார்கள். தலைப்பு ஒன்றாக இருப்பதால் நகல் என்று நினைத்து அழித்துவிடாதீர்கள். தேதியைப் பாருங்கள். தேதி வேறு என்றால் இரண்டையும் வைத்துக்கொண்டு, முந்தையதை முதலில் கேளுங்கள்.